இடுப்பு மாற்று மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்தால், தேய்மானம் மட்டும்தான் காரணமா?

அம்மாவுக்கு மூட்டு மாற்றி நான்கு ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் கிண்ணத்தைச் (இடுப்புக் குழியில் பொருத்திய செயற்கைப் பகுதி) சுற்றி எலும்பு கரைந்திருக்கிறது, தேய்மானம் என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு காரணம் இல்லை என்று உறுதியாகும்வரை நம்பாதீர்கள்.

பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து உதிரும் நுண்துகள்களை உடலின் செல்கள் விழுங்கி, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும். அதுதான் தேய்மானக் கரைவு. ஆனால் அதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். 1990களின் இறுதியில் உயர் குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன் (எளிதில் தேயாதபடி மூலக்கூறுகளைப் பிணைத்த பிளாஸ்டிக்) வந்தபிறகு அது வெகுவாகக் குறைந்தும்விட்டது. சீக்கிரம் கரைந்தால் முதலில் கிருமித் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான். சீழ் இல்லை, கடும் வலியும் இல்லை. மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைவு, கூடிய இஎஸ்ஆர் (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தச் சோதனை). மூட்டு நீரின் சாதாரண கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. மதுரையில் இன்னொரு மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்துக் காசநோய்க்கென்றே அனுப்பினார். காசநோய்தான். மூட்டு தளராததால் அதைக் கழற்றவில்லை. அரசு இலவசமாகத் தரும் மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் விடாமல் சாப்பிட்டார்.

காசநோய்க் கிருமி வளர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். சாதாரண கல்ச்சரோ சில நாட்களிலேயே முடிந்துவிடும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை விரைவில் பதில் சொல்லும், ஆனால் அதில் இல்லை என்று வந்தாலும் கல்ச்சரை நிறுத்தக் கூடாது. யாரும் கேட்காவிட்டால் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம், அதனால் நீங்களே கேளுங்கள். மூட்டு நீர் எடுப்பதற்கு முன் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தராதீர்கள், கிருமி ஒளிந்துகொள்ளும்.

ஆடு வளர்ப்பவராக, காய்ச்சாத பால் குடிப்பவராக இருந்தால் கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லா கிருமி பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு மார்பகம், சிறுநீரகம், நுரையீரலில் புற்றுநோய் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பரவிய புற்றுநோயும் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் எக்ஸ்ரேயில் தேய்மானம் போலவே தெரியலாம். கழுத்தில் உள்ள, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் எலும்பு கரையும், அதற்கு ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் துப்புக் கிடைக்கும். செயற்கை மூட்டின் உலோகத் தலை தண்டோடு பொருந்தும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டாலும் சுற்றுத் திசு கெடும். அப்போது ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்ப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயையும், மூட்டின் வகை எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்சார்ஜ் தாளையும் கொண்டுபோங்கள். கரைவு எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை அந்த முதல் படத்தை வைத்துத்தான் கணக்கிட முடியும்.