கேள்வி–பதில்: சிறுவர் கதைக்குக் கரு எங்கே?

கேள்வி: சிறுவர் கதை எழுதுவோருக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது? நானும் எழுத விரும்புகிறேன்.
– வாசகி, திருவையாறு

பதில்: பெரும்பாலும் குழந்தைகளின் கேள்விகளிலிருந்தும் சொந்த இளமை நினைவுகளிலிருந்தும்தான். தங்கள் ஊரிலேயே பாருங்கள்: ஆடிப்பெருக்கன்று படித்துறைக்குச் சிறுவர்கள் இழுத்துச் செல்லும் சப்பரத்தின் சக்கரம் பாதி வழியில் கழன்றுவிட்டால், அவர்கள் சணலைத் தேடி ஓடுவதும், யார் கட்டுவது என்று சண்டையிடுவதும், வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படாமல் காவிரி வறண்டு கிடக்கும் ஆண்டில் சப்பரத்தை எங்கே கொண்டுபோவது என்று கேட்பதும் தனித்தனிக் கதைகள். சிக்கலைப் பெரியவர் யாரும் வந்து தீர்த்துவைக்கக் கூடாது. கதையில் வரும் குழந்தையே தீர்க்க வேண்டும் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நீதியை வலிந்து சொல்லாதீர்கள். எழுதியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் கவனம் எங்கே சிதறுகிறதோ அந்தப் பத்தியைத் தயங்காமல் வெட்டுங்கள்.