பணம் கட்டாவிட்டால் கட்டுரை போய்விடுமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் என் கட்டுரை ஓர் ஓப்பன் ஆக்சஸ் (எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஆய்விதழுக்குப் போனது. ஐந்தே நாளில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது, கூடவே பில்லும் வந்தது. விசாரித்தால் அந்த இதழுக்கு நல்ல பெயர் இல்லை என்கிறார்கள். கட்டுரையைத் திரும்பக் கேட்டால் அதற்கும் தனிக் கட்டணமாம். கட்டாவிட்டால் வேறெங்கும் வெளியிட முடியாதபடி செய்துவிடுவோம் என்று மெயில் அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கட்டாதீர்கள். வெளியீட்டுக் கட்டணமும் வேண்டாம், திரும்பப் பெறுவதற்கான கட்டணமும் வேண்டாம். கட்டுரை உங்களுடையது. ஓர் இதழுக்கு அனுப்பி வைத்த காரணத்தாலேயே பதிப்புரிமை கைமாறிவிடாது, அதற்கு உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். ஊரிலுள்ள இதழ்களெல்லாம் கூடிப் பார்க்கும் கறுப்புப் பட்டியல் என்று எதுவும் கிடையாது.

இந்த மிரட்டல் பழையது. ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டபோது சொன்ன புகார்களைப் பாருங்கள்: கட்டணத்தை முதலில் மறைத்து, கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு பில் நீட்டுவது, ஆசிரியர் திரும்பக் கேட்டால் விடாமல் பிடித்து வைப்பது. 2019-இல் நீதிமன்றம் 5 கோடியே 1 லட்சம் டாலர் கட்டும்படி உத்தரவிட்டது.

பதிப்புரிமைப் படிவம் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. போட்டிருந்தால் படிவத்தை எடுத்து, உரிமை எப்போது கைமாறுகிறது என்று சொல்லும் வரியைத் தேடிப் படியுங்கள். 'வெளியான பின்' என்று இருந்தால் இப்போது விலகுவதில் சிக்கல் குறைவு. எதுவானாலும் தள்ளிப்போட வேண்டாம். சில இதழ்கள் பணம் வராவிட்டாலும் கட்டுரையைத் தளத்தில் ஏற்றிவிடும். ஏறிவிட்டால், 'ஏற்கெனவே வெளியானது' என்று அடுத்த இதழ் ஒதுக்க இடம் உண்டு. நீங்கள் சம்மதித்து, எவரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது என்றால் அந்த உரிமத்தை அப்புறம் ரத்து செய்யவும் முடியாது.

ஆகவே இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். தலைப்பு, அவர்கள் கொடுத்த கட்டுரை எண், தேதி. "இக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். இதை வெளியிட என் சம்மதம் இல்லை. முன்பு அளித்த ஒப்புதல் ஏதேனும் இருந்தால் அதையும் திரும்பப் பெறுகிறேன்." அவ்வளவு போதும். திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உடன் எழுதியவர்களுக்கும் நெறியாளருக்கும் நகல் போகட்டும். பதில் வராமலே போகலாம், அல்லது பில் மறுபடி வரலாம். நியாயமான ஒரு கெடு கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு வேறு இதழுக்கு அனுப்பும்போது, முகப்புக் கடிதத்திலேயே நடந்ததை மூன்று வரியில் சொல்லி, விலகல் கடிதத்தின் நகலையும் இணையுங்கள். மறைத்தால்தான் இரட்டைச் சமர்ப்பிப்பு, அதாவது ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பியது, என்ற குற்றச்சாட்டு வரும்.

அந்தத் 'தெரிந்தவர்' யார்? உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையாக வந்து போகிறார், எனக்கு உறுத்துவது அவர்தான். கட்டுரையை அனுப்பும் கணக்கை அவர் மெயிலில் திறந்தாரா, உங்கள் மெயிலிலா? அவர் மெயிலில் என்றால், இதழின் பதிவேட்டில் தொடர்பு ஆசிரியர், அதாவது கட்டுரைக்காக இதழோடு பேசும் பொறுப்புள்ளவர், அவர்தான். நீங்கள் அனுப்பும் விலகல் கடிதத்தை 'யார் இவர்?' என்று ஒதுக்கிவிடலாம். வீட்டுச் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பது போன்ற நிலைமை இது. முதலில் உள்நுழையும் கடவுச்சொல்லை வாங்கி மாற்றுங்கள். உள்ளே போய் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத பெயர் ஒன்று இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த இடத்துக்கும் விலை உண்டு, வாங்க ஆளும் உண்டு. பில்லில் இருக்கும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பதிப்பகத்தின் பெயர் ஒன்றும் கணக்கின் பெயர் வேறொன்றுமாக இருந்தால் அதற்கு மேல் விசாரிக்கவே வேண்டாம்.

ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இந்த இதழ் இருக்கிறது என்று அந்தத் தெரிந்தவர் சொல்லியிருப்பார். நீங்களே ஸ்கோபஸ் தளத்தில் போய்த் தேடுங்கள். ஒரு காலத்தில் இருந்து நீக்கப்பட்ட இதழ்கள் அந்தப் பழைய பெருமையை வைத்தே பிழைக்கின்றன. நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே திருடி, தள முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி நடத்தும் போலிகளும் உண்டு. ஐஎஸ்எஸ்என் என்பது அடையாள எண், தரச் சான்று அல்ல. இம்பாக்ட் ஃபாக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) என்று போட்டிருந்தால் அது கிளாரிவேட் நிறுவனம் கணக்கிட்டதா என்று பாருங்கள். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று ஒட்டு வைத்த எண்களைக் காசு கொடுத்தால் எவரும் வாங்கலாம்.

அப்புறம், கட்டுரையைப் படித்துப் பார்த்த துறை அறிஞர் எழுதியதாக உங்களுக்கு வந்த மதிப்பாய்வுக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். 'கட்டுரை நன்று, ஆங்கிலத்தைச் சரிபார்க்கவும், மேற்கோள்கள் சில சேர்க்கவும்' என்ற ரகமா? எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் குறிப்பு, எதையும் படிக்காமல் எழுதியது. உண்மையில் படித்தவர் உங்கள் அட்டவணை எண்ணைச் சொல்லிச் சண்டை போடுவார். 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் இதழாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையைச் சிறுசிறு மாற்றங்களுடன் 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பிழை என்னவென்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை, வரைபடத்தைப் பார்த்தாலே போதும்.

'பணம் கேட்டாலே போலிதானா?' என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன். இல்லை. வாசகர் இலவசமாகப் படிக்கும் இதழ் தன் செலவை எங்காவது எடுக்க வேண்டும், அதற்காக ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் வாங்கும் நேர்மையான இதழ்கள் நிறைய. இன்னொரு வகையும் இருக்கிறது. பொருளியல், நிதியியல் துறைகளில் மதிக்கப்படும் சில இதழ்கள் கட்டுரையை அனுப்பும்போதே ஒரு சமர்ப்பிப்புக் கட்டணம் வாங்குகின்றன. முதல்முறை கேட்பவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் அந்தத் தொகை தளத்தில் வெளிப்படையாக இருக்கும், மதிப்பாய்வுக்கு முன்பே வாங்கப்படும், நிராகரித்தாலும் பொதுவாகத் திரும்ப வராது. அதாவது உங்கள் பணத்துக்கும் அவர்கள் முடிவுக்கும் தொடர்பில்லை. உங்களுக்கு வந்த பில் நேர் எதிரானது. 'ஆம்' என்று சொன்னால்தான் அவர்களுக்குக் காசு, அந்தக் காசு எவ்வளவு என்பதையும் 'ஆம்' சொன்ன பிறகுதான் சொல்கிறார்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. கட்டுரையைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் எண்ணும் குழுக்கள் இருக்கும் வரை தரகர்கள் இருப்பார்கள். எழுதுபவருக்குச் சம்பளம் இல்லை, மதிப்பாய்வு செய்பவருக்குச் சம்பளம் இல்லை, நடுவில் நிற்பவருக்கு மட்டும் பில் புத்தகம். இந்த எண்ணிக்கை வெறியில் பெரிய பதிப்பகங்களும் தப்பவில்லை. வைலி நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவியின் இதழ்கள் 2023-இல் மட்டும் ஏற்கெனவே வெளியிட்ட 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை விலக்கிக்கொண்டன. பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விருந்தினர் பதிப்பாசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களின் வழியே புகுந்தவை. சிறப்பிதழுக்கு எழுதுங்கள் என்று மெயில் வந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

சரி, இனி எங்கே அனுப்புவது? டிஓஏஜே என்ற ஓப்பன் ஆக்சஸ் இதழ்களின் இணையப் பட்டியலில் உங்கள் துறையைத் தேடுங்கள். அதிலுள்ள இதழ்களில் பாதிக்கு மேல் ஆசிரியரிடம் கட்டணமே வாங்குவதில்லை. கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் வசதி உண்டு. கிடைக்கும் இதழில் அண்மையில் வந்த கட்டுரைகளில் மூன்றையாவது முழுதாகப் படியுங்கள். உங்கள் நெறியாளர் வெட்கப்படாமல் மேற்கோள் காட்டக்கூடியவையா என்று அவரிடமே கேளுங்கள். சந்தா இதழ் பிடித்திருந்தால் அங்கேயும் அனுப்பலாம். ஏற்கப்பட்ட கைப்பிரதியை ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டுவைக்கப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, சிலவற்றில் சில மாதம் காத்திருக்க வேண்டும்.

கட்டணம் வாங்கும் இதழ்தான் பொருத்தமானது என்றால், வருமானம் குறைந்த நாட்டு ஆசிரியர்களுக்கும் நிதியுதவி இல்லாதவர்களுக்கும் கட்டண விலக்கு உண்டா என்று கேளுங்கள். கட்டுரையை அனுப்பும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு போய்க் கேட்டால் பல இதழ்கள் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.