பதினாறு இழுப்பு

கேள்வி: ஆஸ்துமா இன்ஹேலரால் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிக்க முடியுமா? பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூம் மீது ஏன் அவ்வளவு சந்தேகம்?

பதில்: மார்கழி பிறந்தால் நானும் சட்டைப்பையில் இன்ஹேலரோடு திரிகிறவன்தான். இழுத்தால் மூச்சு சீராகும், கை கொஞ்சம் நடுங்கும். மாடிப்படியில்கூட நான் யாரையும் முந்தியதில்லை!

ஃப்ரூம் விஷயத்துக்கு வருவோம். 2017 செப்டம்பர் 7, ஸ்பெயினின் வுவெல்டா பந்தயம். அன்று அவருடைய சிறுநீரில், ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் மருந்தான சால்பியூட்டமால் மில்லிலிட்டருக்கு 2,000 நானோகிராம் இருந்தது, வரம்பு 1,000. இது முழுக்கத் தடை செய்த மருந்து அல்ல. இன்ஹேலர் வழியாக 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை எடுக்கலாம், சாதாரண இன்ஹேலரில் 16 இழுப்பு. மாத்திரையாக விழுங்கினால் குற்றம், ஏனென்றால் அதிக அளவில் எடுத்தால் தசை வளர்க்கும் என்ற சந்தேகம் உண்டு.

உடலில் நீர் வற்றினால் சிறுநீரில் மருந்தின் அடர்த்தி ஏறும். அதைக் கழித்துப் பார்த்தபோது 2,000 என்பது 1,429 ஆனது. 2018 ஜூலையில், டூர் தி பிரான்ஸ் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, அனுமதித்த அளவு இழுத்தாலும் இந்த எண் வரக்கூடும் என்று ஏற்று, தண்டனையின்றி வழக்கை முடித்தார்கள்.

சரி, 2007-இல் ஜிரோ என்ற இத்தாலிய சைக்கிள் பந்தயத்தில் அந்நாட்டு வீரர் பெட்டாக்கிக்கு வந்தது 1,352தான். ஏமாற்றும் எண்ணமில்லை என்று விளையாட்டுத் தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டும் அவருக்குத் தடை. 5 கட்ட வெற்றிகளும் போயின. எனக்கு உறுத்துவது அதுதான்.