மலைக்கு மேலே ‘இறங்கு’ என்றால் இறங்குவதா? சிமுலேற்றர் கேள்வி பதில்

போன சனிக்கிழமை கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் எட்டுப் பேர் கூடினோம். எல்லாருக்கும் பிளைட் சிமுலேற்றர் பைத்தியம். 2006இல் எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசொஃப்டின் பழைய சிமுலேற்றர்) வந்த நாளிலிருந்து பறக்கிறேன் என்பதால் கேள்வியெல்லாம் என் பக்கம்தான் வந்தது. இருட்டியதும் கலைந்துவிட்டோம், பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் பறந்தேன். சிமில் இருக்கிற ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் குரல்) 4,000 அடிக்கு இறங்கச் சொன்னது. இறங்கினேன், மலையில் மோதிவிட்டேன். சொன்னதைத்தானே செய்தேன்? (வாழைச்சேனை)

சொன்னதைச் செய்தீர்கள், சரிதான் தம்பி. ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? இந்த இரண்டு இடத்துக்கும் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 110 கடல் மைல். அந்தக் கோடு நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மேலாகவே போகிறது. அங்கே உச்சி 6,100 அடியைத் தாண்டும். கொஞ்சம் தெற்கே விலகினால் பிதுருதலாகல, 2,524 மீற்றர், அதாவது 8,280 அடி. சிமோடு வருகிற ஏடிசி பல நேரம் மலையைக் கணக்கில் எடுப்பதில்லை. எஃப்எஸ்எக்ஸ் காலத்திலிருந்தே இந்தக் குறை இருக்கிறது.

எப்போது இறங்குவது என்பதை நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள். குறைக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால் தேவையான கடல் மைல் வரும். 10,000 அடியில் வருகிறீர்கள் என்றால் 30 மைல். நக்கிள்ஸுக்கு மேலே நிற்கும்போது கட்டுநாயக்க இன்னும் 55 மைல் தூரத்தில் இருக்கிறது. கேகாலைப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கினாலே போதும். இறங்கும் வேகத்துக்குத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 120 நொட் என்றால் நிமிடத்துக்கு 600 அடி. இந்த இரண்டு கணக்கையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி என் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். நிஜ விமானியும் ஆபத்தான கட்டளை வந்தால் ‘அனேபிள்’ (முடியாது) என்று சொல்லி மறுப்பார். அதற்கு அவருக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது.

ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி) அலைவரிசை சரியாகப் போட்டேன், ஓட்டோபைலட்டின் அப்ரோச் பட்டனும் அழுத்தினேன். விமானம் ஓடுபாதைக்கு மேலாக அப்படியே நேரே போய்விட்டது. (காத்தான்குடி, உயர்தர மாணவர்)

எல்லாரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்போம். முதலில் திரையில் ஊசியின் நிறத்தைப் பாருங்கள். ஜி1000 வகைத் திரைக் கருவியில் மஜந்தா (ஊதாச் சிவப்பு) என்றால் அது ஜிபிஎஸ்ஸைப் பின்பற்றுகிறது. பச்சை என்றால்தான் ஐஎல்எஸ். ஊசி எதைப் பின்பற்றுவது என்று தேர்கிற சிடிஐ பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும். பழைய விமானங்களில் நாவ்/ஜிபிஎஸ் சுவிட்ச்.

நிறம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? அப்போது நீங்கள் உயரத்தில் வந்திருக்கிறீர்கள். கிளைட் சுலோப் (ஐஎல்எஸ் காட்டும் இறங்கு பாதை) பொதுவாக 3 பாகைச் சரிவு. அதைக் கீழேயிருந்து பிடிக்க வேண்டும். 2,000 அடியில் அந்தச் சரிவு ஓடுபாதையிலிருந்து ஆறு மைல் சொச்சத்தில் உங்களைச் சந்திக்கும். அதனால் எட்டு ஒன்பது மைலிலேயே 2,000 அடிக்கு வந்து, மட்டமாக, வேகத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருங்கள். உயரமானிக்குப் பக்கத்தில் சின்ன வைரக்குறி அளவுகோலின் மேல் நுனியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது அசையும். ஒரு புள்ளி இறங்கும், இன்னொரு புள்ளி இறங்கும். நடுவுக்கு வருகிற அந்த நேரத்தில் விமானம் மெதுவாக மூக்கைத் தாழ்த்தும். எத்தனை வருடம் பறந்தும் எனக்கு அந்த நொடி அலுக்கவில்லை.

வைரம் முதலிலேயே கீழே கிடந்தால் சரிவுக்கு மேலே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். துரத்திப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். 9 பாகையளவில் பொய்ச் சரிவும் உண்டு. அதைப் பிடித்தால் விமானம் செங்குத்தாக விழுகிறமாதிரி இறங்கும். சுற்றிவந்து திரும்பத் தொடங்குங்கள்.

மேகத்துக்குள் வந்தால் ஓடுபாதைக்கு முன்னாலேயே நிலத்தில் இடிக்கிறது. உயரமானியில் இன்னும் உயரம் இருக்கிறது அண்ணே! (ஏறாவூர்)

நீங்கள் உயரமானியில் கியூஎன்எச் (அங்கே அப்போதுள்ள கடல்மட்டக் காற்றழுத்தம்) போடவில்லை. நானும் இப்படித்தான் ஒருநாள் இரவு முழுவதும் மண்டையைப் பிய்த்தேன். 1013 என்ற நியம அழுத்தம் அப்படியே இருந்தது, விமான நிலையத்தில் 1008. வித்தியாசம் ஐந்து ஹெக்டாபாஸ்கல்தான். ஆனால் ஒன்றுக்கு 27 அடிக்கு மேல் வரும். ஐந்துக்கு 135 அடி. முதலாம் வகை ஐஎல்எஸ்ஸில் முடிவெடுக்கும் உயரம் (ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே ஏற வேண்டிய இடம்) தரையிலிருந்து 200 அடி. அந்த இடத்தில் கருவி 200 காட்டும்போது நான் உண்மையில் 65 அடியில் இருந்திருக்கிறேன்.

மைக்ரோசொஃப்ட் சிமில் பி எழுத்தை அழுத்தினால் அங்குள்ள அழுத்தம் தானாகப் பதியும். ஆனாலும் ஏடிசி சொல்கிற எண்ணைக் கேட்டுக் கையால் திருகிப் பழகுங்கள். அந்த எண்ணைத் திருப்பிச் சொல்வதும் கட்டாயம்.

எந்த ஏடிசி அட்-ஒன் (சிமோடு சேர்க்கிற மென்பொருள்) வாங்கலாம்? காசு கொஞ்சம்தான் இருக்கு. (செட்டிபாளையம்)

காசு கொடுக்கும் முன் வட்சிமைப் (இணையத்தில் பலர் சேர்ந்து பறக்கிற வலையமைப்பு) பாருங்கள். 2001இல் தொடங்கியது, இலவசம். எதிர்முனையில் இருப்பது உண்மையான மனிதர். சேரும்போது ஒரு சின்னத் தேர்வு எழுத வேண்டும். கட்டுப்பாட்டாளர் இல்லாத இடத்தில் 122.8 அலைவரிசையில் நீங்களே உங்கள் நகர்வை அறிவித்துப் பறக்கலாம்.

தனியாகப் பழக வேண்டும் என்றால் பியோண்ட் ஏடிசி, சேஇன்டென்ஷன்ஸ், பைலட்டுஏடிசி என்று இருக்கின்றன. சேஇன்டென்ஷன்ஸ் மாதச் சந்தா, இணையம் இல்லாமல் ஓடாது. டேட்டா முடிந்து லைன் அறுந்தால் நடுவானில் பேச ஆள் இல்லை. என் கருத்து: முதல் மூன்று மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். சார்ட் (விமான வரைபடம்) வாசிக்கத் தெரியாதவருக்கு எந்த அட்-ஒன்னும் உதவாது. அது கேட்கிற கேள்விக்கே பதில் சொல்ல வராது.

நான் பேசுவது அதற்கு விளங்குதில்லை அண்ணா. திரும்பத் திரும்ப ‘சே அகெயின்’ என்கிறது. (கல்முனை, தங்கை ஒருவர்)

உங்கள் உச்சரிப்பில் குற்றம் இல்லை தங்கச்சி. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வானொலியில் மூன்றுக்கு ‘ட்ரீ’, ஐந்துக்கு ‘ஃபைஃப்’, ஒன்பதுக்கு ‘நைனர்’. இரைச்சலில் மனிதக் காது குழம்பாமல் இருக்க வைத்த முறை இது, மென்பொருளுக்கும் நல்லாவே உதவுகிறது. நம் நாட்டுப் பதிவெண் 4ஆர் என்று தொடங்கும்: ‘ஃபோர் ரோமியோ’. அப்புறம், பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும்.

ஏடிசி சொல்கிற வழிப்புள்ளி என் விமானக் கணினியில் இல்லை. (அக்கரைப்பற்று)

இரண்டின் தரவும் வேறு வேறு சுழற்சி. ஏஐராக் (வான்வழித் தகவல் வெளியீடு) தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும். புதிதோ பழசோ, இரண்டிலும் ஒரே சுழற்சியை வையுங்கள்.

நம்ம மட்டக்களப்பில் ஐஎல்எஸ் இல்லையே, இங்கே என்னத்தைப் பழகுவது? (அம்பாறை)

இல்லாததுதான் நல்லது! திமிலைதீவில் இருக்கும் ஓடுபாதை 06/24 (இரு முனையும் 60, 240 பாகைத் திசை). கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வரும், அப்போது 24. கடல் பக்கமிருந்து வந்து இறங்குவீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் 06. சிமில் நேரடி வானிலையைப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் என்று முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

செஸ்னா கரவனை எடுங்கள். நம் ஊருக்கு நிஜமாகவே வந்துபோகிற விமானம் அது. உங்கள் பக்கத்து உகணை விமானத்தளத்திலிருந்து கிளம்பினால் வடக்கே 22 மைலளவுதான். ஓடுபாதைக்கு மூன்று மைல் இருக்கும்போது 900 அடி, இரண்டு மைலில் 600, ஒரு மைலில் 300. ஐஎல்எஸ் ஊசி செய்கிற வேலையை இந்த எண்களை வைத்துக் கண் செய்கிறது. ஒரு மைலில் 300க்கு மேலே 450, 500 என்று நின்றால் இறக்க வேண்டாம். பவரைக் கொடுத்து மேலே ஏறி, வாவியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வாருங்கள்.