கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். ஆறு வயது மகள் தன் சுருட்டை முடி பிடிக்கவில்லை என்கிறாள். அதில் அவளுக்குப் பெருமை வர என்ன செய்யலாம்?

ஊரிலிருந்து உங்க அம்மாவோ அத்தையோ வந்துவிட்டுப் போய் ஒரு மாசம்கூட ஆகியிருக்காது, சரியா? தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் மதுரைக்காரி, இருப்பது நியூ ஜெர்சியில். கணவர் கறுப்பினத்தவர். மகளுக்கு அப்படியே அவர் பக்கத்து முடி. ஈரத்தில் இழுத்தால் முதுகு வரை வரும், காய்ந்தால் சுருண்டு காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும். அம்மா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளைக் காலிடுக்கில் உட்காரவைத்து, உச்சியில் ஒரு கை தேங்காய் எண்ணெயை வைத்து, நெருக்கமான பல் சீப்பை வேரிலிருந்து இறக்கினாள். குழந்தை கத்திய கத்தலில் மாடியில் இருந்த கணவர் ஓடி வந்தார். "பரட்டைத் தலைடி உன் பொண்ணுக்கு, சீப்பு இறங்குதா பாரு" என்றாள் அம்மா. பாசமாகத்தான் சொன்னாள். என்னையும் அப்படிச் சொல்லி வளர்த்தவள்தான்.

ராத்திரி மகள் கேட்டாள், "பரட்டைன்னா என்னம்மா?" சுருட்டைன்னு அர்த்தம் என்றேன். அவள் நம்பவில்லை.

அடுத்த வாரம் கண்டிஷனர் வாங்க, கறுப்பினப் பெண்களுக்கான முடிச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்கக் கூந்தல் கட்டுகள். ஒன்றில் 'இந்தியன் ஹேர்' என்று போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பாட்டிக்குப் பிடிச்ச முடி இங்க விக்குதே, எனக்கு ஒண்ணு வாங்கு."

ஒன்பது வயதில் இடுப்பு வரை இருந்த பின்னலைத் திருப்பதியில் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அங்கே விழும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, அது விக்காகவும் சவுரியாகவும் கப்பலேறுகிறது என்பதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்தது. சாமிக்கு என்று கொடுத்த முடி என் மகளை அழவைக்க இங்கே தொங்குகிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். கண்டிஷனர் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

காப்பாற்றியது என் மாமியார். தென் கரோலினாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் சனிக்கிழமை ராத்திரி இரும்புச் சீப்பை அடுப்பில் காயவைத்து முடியை நேராக்கிவிடுவார்களாம், மறுநாள் சர்ச்சுக்கு. அவர் காதுமடலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வந்து என் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. முடியைத் தண்ணீர் தெளித்து நனைத்தார், கை நிறையக் கண்டிஷனர் தடவினார். அகலமான பல் சீப்பால் முதலில் நுனி, அப்புறம் நடு, கடைசியில்தான் வேர். குழந்தை அழவே இல்லை, பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். வகிடு எடுப்பதை மட்டும் அம்மாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி எட்டு வகிடு எடுத்தாள். மாமியார் பின்னப் பின்ன, நுனியில் மணி கோத்தாள். அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் அந்த வார்த்தை அதற்கப்புறம் வரவில்லை. மகள் அன்று முழுக்க மணிச் சத்தம் கேட்பதற்காகவே தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தாள்.

"நீ கறுப்பினப் பெண்ணா, உனக்கு இதில் என்ன பேச்சு" என்று வருவீர்கள். இல்லைதான், மாமியாரிடம் கற்றதைத்தான் சொல்கிறேன். நேராக்கிக்கொள்பவர்களையும் குறை சொல்லவில்லை. அவரே நாற்பது வருஷம் ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் மருந்தைப் போட்டவர். நிறுத்தியது 2022இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வைப் படித்த பிறகு. 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இந்த மாதிரி மருந்தை வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம், போடாதவர்களுக்கு 1.64 என்றது அது. மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் குழந்தைத் தலையில் எதற்கு?

   

 பள்ளிக்கூடத்தில் முடியைப் பற்றி யாராவது பேசினால் பயப்படாதீர்கள். 2018 டிசம்பரில் இதே நியூ ஜெர்சியில், மல்யுத்தப் போட்டிக்கு முன்னால் ஒரு கறுப்பின மாணவனின் திரித்துவிட்ட சடைமுடியை வெட்டவைத்தார் நடுவர். சரியாக ஒரு வருஷத்தில், முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று இங்கே சட்டம் வந்தது. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலேயே கொண்டுவந்துவிட்டது. உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னலை இறுக்கிப் போடாதீர்கள், நெற்றியோர முடி கொட்டிவிடும். ராத்திரி தூங்கும்போது வழுவழுப்பான சாட்டின் துணித் தொப்பி கட்டாயம். இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.