தோள்பட்டை இறுகிப்போய் கையைத் தூக்க முடியவில்லை. பிசியோதெரபி போனால் சரியாகுமா, எத்தனை நாள் ஆகும்?

சரியாகும். ஆனால் நாள் கணக்கு போடாதீர்கள், மாதக் கணக்கு போடுங்கள். எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை, பத்து நாளில் கை தூக்கிவிடலாம் என்று நம்பி நான்கு மாதத்தை விட்டுவிட்டேன்.

எனக்கு வயது 53, பத்து வருடமாகச் சர்க்கரை. நங்கநல்லூரில் இருக்கிறோம். தை மாதம் இடது தோளில் வலி ஆரம்பித்தது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கமே போய்விடும். பங்குனிக்குள் மாடிக் கொடியில் துணி போட முடியவில்லை, முதுகுப் பக்கம் கை போகவில்லை, தலை பின்ன மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாததால் உட்கார இடம் இருக்கிற பஸ் வரும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.

முதலில் போனது சுளுக்கு எடுப்பவரிடம். எண்ணெய் போட்டுக் கையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார், இரண்டு ராத்திரி அழுதேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக். படுக்க வைத்துத் தோளில் கரண்ட் வைப்பார்கள், இருபது நிமிடம், ஒரு தடவைக்கு 400 ரூபாய். பன்னிரண்டு நாள் போனேன். வலி கொஞ்சம் அடங்கியது, ஆனால் கை ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக ஏறவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருவர்கூட என் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

வைகாசியில்தான் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை, இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். அவர் என் கையைத் தானே பிடித்துத் தூக்கினார். தோள்பட்டை எலும்புதான் சேர்ந்து மேலே வந்தது, மூட்டு அசையவில்லை. நாமாகத் தூக்கினாலும் போகாது, அடுத்தவர் தூக்கிவிட்டாலும் போகாது என்றால் அது ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தசைநார் கிழிந்திருந்தால் அடுத்தவர் தூக்கும்போது பெரும்பாலும் கை போய்விடும். மூட்டைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறை வீங்கித் தடித்துச் சுருங்கிவிடுகிறது, அதனால்தான் இந்த இறுக்கம். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும், பெண்களுக்குக் கூடுதல், சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதல். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்லத் தளர்வு, முழுவதும் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம்.

மூட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி அதிகமாக இருக்கிற ஆரம்பக் கட்டத்தில் அது நன்றாகவே உதவும். சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொன்னார், சொன்ன மாதிரியே ஏறி இறங்கியது.

அவர் அனுப்பிய பிசியோ ஒரு சின்னப் பெண். முதல் நாள் மெஷின் பக்கமே போகவில்லை. கோணம் அளக்கும் ஸ்கேலை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாள். வலது கை 70 டிகிரி, இடது கை 10. முதலில் அடிபடுவது இந்தத் திருப்பம்தானாம். அதை ஒரு நோட்டில் எழுதினாள், அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதே உறைத்தது.

வீட்டில் செய்யச் சொன்னது இவ்வளவுதான். சூடான ஒத்தடம் பத்து நிமிடம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. நிலைப்படியில் உள்ளங்கையை வைத்து, முழங்கை விலாவை விட்டு நகராமல், உடம்பை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்புவது. பிறகு சுவரில் விரல்களால் எறும்பு ஊர்வதுபோல் ஏறுவது. நான் காலண்டர் மாட்டிய சுவரில் செய்வேன். முதல் வாரம் விரல் காலண்டர் அட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டது, அவ்வளவுதான். ஆடி பிறந்த அன்று இடது கையாலேயே தேதித் தாளைக் கிழித்தேன், கிழித்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எவ்வளவு வலி வரலாம் என்பதற்கு அவள் ஒரு கணக்கு சொன்னாள். "இழுக்கிற மாதிரி இருக்கணும்மா, அரை மணி நேரத்துல அடங்கிடணும். ராத்திரி தூக்கம் கெட்டா அன்னைக்கு அதிகமா பண்ணிட்டீங்கன்னு அர்த்தம்." ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஒருமுறைதான் அவளிடம் போனேன், ஒவ்வொரு முறையும் அளந்தாள். ஆவணியில் நானே தலை பின்னினேன். முதுகுப் பக்கம் கை போக மொத்தம் 14 மாதம் ஆனது.

உங்களுக்கு இரண்டு மாதமாக வலது கை மேலே போகவில்லை, அசைக்காமல் வை என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும். கனமான பையைத் தூக்காதீர்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஆனால் வலி தாங்குகிற அளவுக்குள் அசைத்துக்கொண்டே இருங்கள்.

போகிற இடத்தில் உங்கள் கையை அளக்கிறார்களா, வீட்டுக்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் மெஷின் மட்டும் வைத்தால் இடத்தை மாற்றுங்கள். காசு கஷ்டம் என்றால், சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, கே.கே.நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வெளியே போகவே முடியாத பெரியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

கீழே விழுந்த பிறகு கை தூக்க முடியாமல் போயிருந்தாலோ, தோள் சிவந்து காய்ச்சல் வந்தாலோ பிசியோவிடம் போகாமல் முதலில் டாக்டரிடம் போங்கள். தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் உடனே 108.

சர்க்கரை பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே மூன்று மாதச் சராசரி டெஸ்ட் எடுத்துவிடுங்கள். எங்கள் பிசியோவிடம் வந்த ஒரு அக்காவுக்குத் தோள் இறுகிய பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது.