விளையில் வாடும் தக்காளி

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், தக்காளி நட்டால் பூக்கிறவரை செழித்து நிற்கிறது. பிறகு ஒரு மத்தியானம் துவண்டு, பச்சை இலையோடே செத்துப்போகிறது. கத்தரியும் அப்படித்தான். மொட்டைமாடியில் பைகளில் வைத்தால் தப்புமா? கீழே உள்ள மண்ணையே நிரப்பலாமா?

ம., குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள ம.,

தப்பும். ஆனால் அந்த மண்ணில் ஒரு பிடிகூட பைக்குள் போகக்கூடாது.

மஞ்சளாகாமல் பச்சையிலேயே துவண்டால் பெரும்பாலும் பாக்டீரியா வாடல்தான். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர்வழியாக ஏறி, தண்டில் தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். உரம் வாங்க ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்: துவண்ட செடியின் அடித்தண்டை நறுக்கி, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல ஓர் இழை கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம். உங்கள் பக்கத்து அமிலத்தன்மையுள்ள செம்மண்ணும் மழை ஈரமும் அதற்கு ரொம்பத் தோது.

மண்ணுக்குப் பதில் போட, கதம்பைக்கு (தேங்காய் மட்டைக்கு) நம் ஊரில் பஞ்சமில்லை. தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசி உப்பை இறக்கிவிட்டு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய சாணமோ கலந்தால் போதும். செடிக்கு ஒரு பை, 15 லிட்டருக்குக் குறையாமல். கடையில் விற்கும் 'ரெடி' கலவையில் எந்தத் தோட்டத்துச் செம்மண் கிடக்கிறதோ, நான் தொடமாட்டேன். நாற்றின் வேர்மண்ணிலும், விளையில் கொத்திய மம்மட்டியிலும்கூட நோய் மாடியேறும். அதனால் விதை வாங்கி நீங்களே முளைக்கப் போடுங்கள். பெங்களூர் தோட்டக்கலை நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, அனகா எல்லாம் இந்த வாடலைத் தாங்கும் தக்காளி ரகங்கள்.

பைக்கு மாறினால் தண்ணீர்தான் உங்கள் தலைவலி. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் காயின் அடி கறுத்து அமுங்கும். அது நோயல்ல, தண்ணீர் ஏறுமாறானால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராது. வெயில் காலத்தில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருக்கும். நமக்கோ இரண்டு பருவமழை. நவம்பர் கடைசியில் விதைத்தால் ஐப்பசி மழையும் போயிருக்கும், ஏப்ரல் சூட்டில் பூ உதிர்வதற்குள் பறித்தும் முடிக்கலாம்.

செத்த செடிகளை உரக்குழியில் போடாதீர்கள், வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் வெண்டையோ தட்டப்பயறோ போடலாம். கத்தரியும் மிளகாயும் தக்காளிக்குச் சொந்தக்காரர்கள், அவை வேண்டாம்.